காகிதத்தில் ஏறாத குடித்தனம்: கோர்படியில் வாடகையும் நலத்திட்டங்களும்

புனே நகரின் கோர்படியில் நிலத்துக்குச் சொந்தக்காரர்கள் பலர். டீசல் எஞ்சின் பணிமனையும் தண்டவாளங்களும் ரயில்வேக்கு, அடுத்துள்ள நிலம் ராணுவத்துக்கு, மீதி மாநகராட்சிக்கும் தனியாருக்கும். ரயில்வே, கன்டோன்மென்ட் வேலைகளை நம்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே இருக்கின்றன. பிந்தி வந்த கூலித் தொழிலாளருக்குப் பெரும்பாலும் வாய்ப்பது 'கோலி' எனப்படும் ஒற்றை அறை. இவர்களின் சிக்கலை வாடகை உயர்வு என்று மட்டும் பார்ப்பது போதாது. வாடகைதாரரின் பெயர் எந்தக் காகிதத்திலும் ஏறாதபடி வீட்டுக்காரரைப் பார்த்துக்கொள்ள வைப்பது, குடிசைவாசிகளைக் காக்க வந்த சட்டமே என்பது இக்கட்டுரையின் வாதம்.

மகாராஷ்டிரக் குடிசைப் பகுதிச் சட்டம் 1971-இல் வந்தது. குடிசைக்கு ஈடாக இலவச வீடு தரும் மறுவாழ்வுக்கான தகுதித் தேதி முதலில் 1995 ஜனவரி 1 என்றும் பின்னர் 2000 ஜனவரி 1 என்றும் வகுக்கப்பட்டது. அந்தப் பாதுகாப்பு குடிசையில் உண்மையில் வசிப்பவருக்கு உரியது. அதற்குச் சான்று புகைப்பட அட்டையும் பழைய ஆவணங்களும். வாடகைக்கு விடுபவரிடமும் நிலப் பட்டா கிடையாது, கையில் இருப்பது இந்தக் காகிதங்கள்தான். குடியிருப்பவர் பெயரில் ஒரு மின் ரசீதோ வாக்காளர் அட்டையோ வந்துவிட்டால், நாளை கிடைக்கவிருக்கும் இலவச வீட்டுக்கு அவரே போட்டியாளர். ஆகவே மின் ரசீது வீட்டுக்காரர் பெயரிலேயே வரும். வாடகை ரொக்கமாகப் போகும். ரசீது கேட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். ரயில்வே, ராணுவ நிலத்தில் நிலைமை இன்னும் மோசம். அங்கே மாநில மறுவாழ்வுத் திட்டத்துக்கு நிலம் வைத்திருக்கும் துறையின் இசைவு வேண்டும்.

1999-ஆம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும் பொறுப்பை வீட்டுக்காரர் தலையில்தான் வைக்கிறது. பதிவு இல்லையென்றால், மறுத்து நிரூபிக்கப்படும்வரை வாடகைதாரர் சொல்லும் நிபந்தனைகளே செல்லும். (11 மாத ஒப்பந்தத்துக்குப் பதிவு வேண்டாம் என்ற பரவலான நம்பிக்கை மகாராஷ்டிரத்தில் செல்லாது.) நல்ல பிரிவுதான். ஆனால் அது வழக்காடத் தெம்புள்ளவருக்கே துணை.

இழப்பு வெளிப்படும் இடம் நலத்திட்ட விண்ணப்பம். ஆதரவற்றோருக்கான சஞ்சய் காந்தி நிராதார் உதவித்தொகைக்கு மாநிலத்தில் 15 ஆண்டு வசிப்பைக் காட்ட வேண்டும். பெண்களுக்காக 2024-இல் தொடங்கிய 'லாட்கி பகின்' திட்டத்தில் வசிப்பிடச் சான்றுக்குப் பதிலாக 15 ஆண்டுக்கு முந்தைய ரேஷன் கார்டோ வாக்காளர் அட்டையோ போதும் என்று தளர்த்தினார்கள். அறைக்கு அறை மாறி வாழ்ந்தவரிடம் அந்தப் பழைய அட்டை எங்கிருந்து வரும்? 'லாட்கி பகின்' உதவித்தொகை மாதம் 1,500 ரூபாய். அது யாருக்கு மிகவும் தேவையோ, அவரே தாம் அங்கு வசித்ததற்குச் சான்று இல்லாதவர்.

முகவரியிலிருந்து உரிமையைப் பிரிக்க முடியாது என்பதில்லை. ஒரு மாநில அட்டைக்கு வேறு மாநிலத்திலும் ரேஷன் தரும் 'ஒரே நாடு ஒரே ரேஷன்' திட்டம் 2022-க்குள் எல்லா மாநிலங்களையும் எட்டிவிட்டது. அதிலும் ஓர் ஓட்டை உண்டு: தமிழ்நாட்டில் எல்லோருக்கும் ரேஷன் உண்டு என்றாலும், தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும் அட்டைகளுக்குத்தான் புனேயில் தானியம் கிடைக்கும். சாதாரண அட்டையோடு வந்தவர் கடைத்தெருவில்தான் அரிசி வாங்க வேண்டும்.

மறுவாழ்வு வீட்டுக்கு உரிமை கோராத, நலத்திட்டங்களுக்கு மட்டும் செல்லும் தனி வசிப்புச் சான்றை வாடகைதாரருக்குத் தரலாம். இது வாடகைதாரரின் மறுவாழ்வு உரிமையையே விட்டுக்கொடுப்பதாகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அந்த உரிமை இன்று ஏட்டளவில்தான் இருக்கிறது. அதைக் காட்டி மாதாந்திர உதவியையும் மறுப்பது எனக்கு ஏற்புடையதல்ல. சான்றளிக்கப் புதிதாக அதிகாரி வேண்டியதில்லை. அங்கன்வாடி ஊழியர் வீடு வீடாகப் போய் எழுதும் குடும்பப் பதிவேட்டில், வீடு யாருடையது என்பதைப் பொருட்படுத்தாமல், அங்கே வசிப்பவர் பெயர் ஏறுகிறது.