பில்லைக் கட்டும் அட்டையும் கூலியைத் தரும் அட்டையும்

பக்கவாதத்தில் ஒருவர் விழுந்தால் அந்த வீட்டுக்கு இரண்டு வகைப் பணம் தேவைப்படுகிறது. ஒன்று, ஆஸ்பத்திரிக்கு. மற்றொன்று, அவர் எழுந்து நடமாடும்வரை வாடகைக்கும் அரிசிக்கும். முதல் செலவைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறோம். நான் பார்த்த குடும்பங்கள் பல கடனில் சிக்கியது இரண்டாவதில். இந்தக் கண்ணோடுதான் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தையும் இஎஸ்ஐயையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

முதலமைச்சர் காப்பீட்டின் பெரிய பலம், அது யாரையும் வேலைச் சான்று கேட்பதில்லை என்பது. 2009இல் கலைஞர் பெயரில் தொடங்கி, 2012இல் இன்றைய பெயருக்கு மாறி, பிறகு ஆயுஷ்மான் பாரத்துடன் இணைந்தது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று விஏஓவிடம் சான்று வாங்கிப் பதிவு செய்தால் போதும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பிரீமியம் முழுவதும் அரசுடையது. கட்டட வேலைக்குப் போகிற சித்தாளும், சொந்தத் தறி ஓட்டுகிறவரும், பூ விற்கிறவரும் தனியார் ஆஸ்பத்திரியில் இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். நிலம் விற்றுத்தான் இதைச் செய்ய முடியும் என்றிருந்த காலம் ரொம்பத் தூரத்தில் இல்லை.

ஆனால் இந்த அட்டையின் கணக்கு டிஸ்சார்ஜோடு ஏறக்குறைய முடிந்துவிடும். வீடு திரும்பியபின் 15 நாள் வரையான செலவைத்தான் ஆயுஷ்மான் பாரத் விதி ஏற்கிறது. பக்கவாதத்துக்கு அது எம்மூலைக்கு? திருப்பூரில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மகள் கோடு போட்ட நோட்டில் செலவை எழுதி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரிப் பக்கத்தில் அதிகம் இல்லை. அதற்கடுத்த பக்கங்களில்தான் வரிசை: ஏர் பெட், டயபர், மூக்கு டியூப் மாற்ற வந்த நர்ஸுக்கு, பிசியோதெரபிக்கு, ஆட்டோ, ஆட்டோ, ஆட்டோ. நடுவில் ஒரு வரி, ‘வளையல் வச்சது’. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வீட்டுக்கே பிசியோதெரபிஸ்டை அனுப்புவது இந்த இடத்தில் உண்மையான உதவி. இருந்தாலும், படுத்தவரின் வாரக்கூலி நின்றுபோனதை அது ஈடுசெய்யாது.

இஎஸ்ஐ பிறந்த விதமே வேறு. 1948ஆம் ஆண்டுச் சட்டம், நோயால் தொழிலாளி இழப்பது உடல்நலத்தை மட்டுமல்ல, கூலியையும்தான் என்று எடுத்துக்கொண்டு எழுதப்பட்டது. தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். மாதம் 15,000 ரூபாய் வாங்கும் பனியன் கம்பெனி டெய்லருக்குப் பிடித்தம் 113 ரூபாய்தான். அதற்குப் பதிலாக அவருக்கும் குடும்பத்துக்கும் மருத்துவம். அவரே நோயில் விழுந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம். காசநோய், புற்றுநோய், பக்கவாதம் போன்ற நீண்டகால நோய் என்றால் 80 சதவீதம், இரண்டு ஆண்டுகள் வரைகூட. இந்த டெய்லர் வீட்டுக்கு அது மாதம் சுமார் 12,000 ரூபாய். வளையல் பீரோவிலேயே இருக்கும். உதவித்தொகை பெறும் நாள்களில் ஆளை வேலையைவிட்டு நீக்கக்கூடாது என்றும் அந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவு சொன்னது. உதவித்தொகையைப் போலவே இதையும் மருந்து என்றுதான் சொல்வேன். திரும்பிப் போக வேலை இருக்கிறது என்று தெரிந்தவர் பயிற்சியை விடாமல் செய்கிறார்.

இஎஸ்ஐ வாசலில் நிற்பது எளிதல்ல என்பதும் உண்மை. டிஸ்பென்சரிக் கூட்டம், ரெஃபரல் கடிதத்துக்கு அலைச்சல். நீண்டகால உதவித்தொகைக்கு இரண்டு ஆண்டுத் தொடர் வேலையும் அதில் 156 நாள் சந்தாவும் வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு கான்ட்ராக்டர் என்று மாற்றப்படுகிறவருக்குக் கணக்கு நடுவில் அறுந்துவிடும். டாக்டர் சர்டிபிகேட்டில் ஒரு வாரம் விடுபட்டாலும் அந்த வாரப் பணம் இழுபறிதான். படுக்கையில் இருப்பவருக்காக வீட்டில் ஒருவர் இந்தத் தேதிகளைக் கவனிக்க வேண்டும்.

வருமான வரம்புகளைச் சேர்த்துப் பார்த்தால் இன்னொன்று தெரிகிறது. மாதம் 10,000 ரூபாயைத் தாண்டினால் முதலமைச்சர் காப்பீட்டுக்குத் தகுதி போகிறது. 21,000 ரூபாயைத் தாண்டினால் இஎஸ்ஐ போகிறது. கடையிலோ தனியார் பள்ளியிலோ 22,000 ரூபாய் வாங்குகிறவர் கையில் விதிப்படி இரண்டு அட்டையும் இல்லை. தனியார் மெடிக்ளெய்ம் எடுத்திருந்தால் உண்டு, இல்லாவிட்டால் நகைக்கடன்தான். பிஎஃப் இருந்தால், குடும்பத்தாரின் பெரிய நோய்க்கும் அதிலிருந்து முன்பணம் எடுக்கலாம். வட்டிக்கு வாங்கும் முன் அதைக் கேட்டுப் பார்க்காதவர்கள் நிறையப் பேர்.

இரண்டு திட்டமும் ஒரே மாதிரி கைவிடுகிற ஒருவர் இருக்கிறார்: பார்த்துக்கொள்பவர். டெய்லரின் அம்மா விழுந்தால் இஎஸ்ஐ அம்மாவுக்கு மருத்துவம் தரும். அம்மாவைத் தூக்கி உட்கார வைக்க லீவு போட்ட டெய்லருக்கு ஒரு ரூபாய் தராது. முதலமைச்சர் காப்பீட்டிலும் அப்படியே. வீட்டுக்குள்ளும் இந்தக் கணக்கு சரியாக நடப்பதில்லை. சிங்கப்பூரிலிருந்து மாதம் 10,000 ரூபாய் அனுப்பும் அண்ணன் செலவைத் தாங்கியவர் ஆகிறார். 12,000 ரூபாய் வேலையை விட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்த தங்கை ‘கூட இருந்தவள்’ மட்டும். சொத்தோ கடனோ பங்கு பிரிக்கும்போது அவள் விட்ட சம்பளத்தையும் அவள் போட்ட பணமாக எழுத வேண்டும்.

பிரசவத்துக்கு 26 வாரம் கூலி தர இஎஸ்ஐ நிதியால் முடிகிறது. பெற்றோரோ துணையோ பக்கவாதத்திலோ புற்றுநோயிலோ படுத்தால், பார்த்துக்கொள்ளும் தொழிலாளிக்கு முதல் ஆறு வாரமாவது அதே நிதியிலிருந்து கூலி தர விதி செய்ய வேண்டும். சந்தா ஏற்கெனவே அவர் சம்பளத்திலிருந்துதான் போகிறது.