பக்கிள்பரி கிண்ணமும் பெர்க்லி கிண்ணமும்

1946-இல் பாப் ஸ்டாக்ஸ்டேல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி நகரில் குடியேறிக் கடைசல் பட்டறை போட்டார். அதே ஆண்டில், இங்கிலாந்தின் பக்கிள்பரியில், எழுபத்தைந்தைக் கடந்த ஜார்ஜ் லெய்லி தம் மண்தரைக் குடிசைக்குள் எல்ம் மரக் கிண்ணங்களைக் கடைந்துகொண்டிருந்தார். 1958-இல் லெய்லி இறக்கும்வரை பன்னிரண்டு ஆண்டுகள் இருவரும் உலகின் இரு மூலைகளில் ஒரே பண்டத்தைச் செய்தார்கள். லெய்லியை ஒரு மரபின் கடைசி ஆள் என்பார்கள். ஸ்டாக்ஸ்டேலைத் தனிப் பட்டறைக் கடைசல் கலையின் முதல் தலைமுறையில் வைப்பார்கள். இருவரும் எண்பத்தொன்பது வயது வாழ்ந்தவர்கள் என்பது தற்செயல்தான் என்றாலும், ஒப்பிட வருபவரைச் சற்று நிற்க வைக்கும் தற்செயல்.

இப்படி இருவரை அருகருகே நிறுத்தினால் தீர்ப்பு தயாராகவே கிடைக்கும்: முன்னவர் கைவினைஞர், பின்னவர் கலைஞர். அந்தத் தீர்ப்பை ஏற்குமுன் கிண்ணங்களைக் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும்.

கருவியிலிருந்து தொடங்கலாம். லெய்லியின் கடைசல் பொறியில் மோட்டார் கிடையாது, சக்கரம்கூடக் கிடையாது. மேலே வளைந்து கொடுக்கும் ஒரு கழி, கீழே ஒரு மிதிகட்டை, இரண்டையும் இணைத்துக் கட்டையைச் சுற்றிச் செல்லும் ஒரு வார், அவ்வளவே. மிதித்தால் கட்டை கடைபவரை நோக்கிச் சுழலும். காலைத் தளர்த்தினால் கழி நிமிர்ந்து அதை எதிர்ப்புறம் சுழற்றிவிடும். ஆகவே உளி வெட்டுவது மிதிக்கும் நேரத்தில் மட்டும். மீதி நேரம் அது காத்திருக்கிறது. ஸ்டாக்ஸ்டேலின் பொறியில் கட்டை ஒரே திசையில் ஓயாமல் சுழல்கிறது. காத்திருப்பது உளியல்ல, மரம் காய்வதற்காக மனிதர்தான்.

மற்ற வேறுபாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒன்றிலிருந்தே கிளைக்கின்றன. கால்மிதியின் விசைக்குக் காய்ந்த கட்டை இணங்காது. அதனால் லெய்லி பச்சை மரத்தை ஒரே மூச்சில் கடைந்து முடித்துப் பிறகு காயவிட்டார். மரம் காயும்போது இழையின் போக்கில் அதிகம் சுருங்காது, குறுக்கே சுருங்கும். வட்டமாகக் கடைந்த கிண்ணம் அதனால் மெல்ல நீள்வட்டமாகிவிடும். மோட்டார் பட்டறைகளின் வழக்கம் வேறு: பச்சையில் தடிமனாக ஒருமுறை கடைந்து, மாதக்கணக்கில் காயவைத்து, நெளிந்ததை மறுபடி பொறியில் ஏற்றி மெல்லியதாகக் கடைவது. ஸ்டாக்ஸ்டேலின் கிண்ணங்கள் அவ்வளவு மெல்லியவையாக இருந்தும் வட்டம் குலையாமல் நிற்பதற்கு இந்த நிதானமே அடிப்படை. லெய்லியிடம் மரம் நெளிவது கிண்ணம் முடிந்த பிறகு; பெர்க்லியில் நெளிவெல்லாம் முடிந்த பிறகே கிண்ணம்.

மேற்பரப்பிலும் இதே கணக்குதான். ஈரமான, முன்னும் பின்னுமாகச் சுழலும் மரத்தில் உப்புத்தாளுக்கு வேலை இல்லை. பக்கிள்பரி கிண்ணத்தை விரலால் தடவினால் கொக்கி உளி போன தடம் மெல்லிய வரம்புகளாகத் தட்டுப்படும். பெர்க்லி கிண்ணத்தில் அந்தத் தடம் தேய்த்து மறைக்கப்பட்டு, இழையின் கோலம் மட்டும் எஞ்சுகிறது. முன்னது கையைக் காட்டுகிறது, பின்னது மரத்தைக் காட்டுகிறது. எது அழகு என்ற சண்டை கடைசல்காரர்களிடையே இன்றும் ஓயவில்லை. நான் அதில் தலையிடப் போவதில்லை. ஆனால் உடம்பு கொடுக்கும் விலையைச் சொல்லியாக வேண்டும். கழிப்பொறி காலை வாங்கும். உப்புத்தாள் நுரையீரலைக் கேட்கும். பச்சை மரத்திலிருந்து விழுவது ஈரச் சுருள், அதில் தூசி கிடையாது. காய்ந்த மரத்தைத் தேய்த்தால் எழும் நுண்தூள்தான் மோட்டார் பட்டறையின் நிரந்தரக் கவலை.

தொழில் வந்த வழியைப் பார்ப்போம். லெய்லிக்கு அது தாத்தாவிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்தது. வேறொன்றைத் தேட வேண்டிய தேவை அவருக்கு எழவில்லை. இந்தியானா மாநிலத்துப் பண்ணைப் பிள்ளையான ஸ்டாக்ஸ்டேல், துணி துவைக்கும் இயந்திரத்தின் பெட்ரோல் எஞ்சினைக் கொண்டு முதல் கடைசல் பொறியை ஓட்டியவர். என்றாலும் கிண்ணம் அவருக்கு வாய்த்தது வேறோர் இடத்தில். இரண்டாம் உலகப்போரில் ஆயுதம் ஏந்த மனசாட்சி ஒப்பவில்லை என்று மறுத்தவர்களை அமெரிக்க அரசு முகாம்களில் வைத்து வேலை வாங்கியது. அத்தகைய முகாமில் கிடைத்த ஓய்வு நேரத்தில்தான் அவர் கிண்ணம் கடையத் தொடங்கினார். ஒருவருக்குப் பரம்பரைச் சொத்து, மற்றவருக்குப் போர் மறுப்பின் உபவிளைவு.

இங்கே ஒரு கிளைக்கதை சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1972-இல் ஸ்டாக்ஸ்டேல் மணந்த கே செகிமாச்சி பெயர்பெற்ற நெசவுக் கலைஞர். ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காகப் போர்க்காலத்தில் யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமில் குடும்பத்தோடு அடைக்கப்பட்டவர் அவர். கொள்கையின் பேரில் முகாமுக்குப் போனவரும் பிறப்பின் பேரில் முகாமுக்கு அனுப்பப்பட்டவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். கணவர் கடைந்த கிண்ணங்களை அச்சாக வைத்து, அவற்றின்மேல் காகிதத்தை ஒட்டிக் காயவைத்து, எடையே இல்லாத காகிதக் கிண்ணங்களைச் செய்தார் செகிமாச்சி. 1993-இல் இருவரின் படைப்புகளையும் சேர்த்து ஒரு கண்காட்சியே நடந்தது.

அந்தக் காகிதக் கிண்ணங்கள்தான் நம்மைத் திரும்ப பக்கிள்பரிக்கு அழைத்துச் செல்கின்றன. லெய்லியின் தனித்திறமை அடுக்குக் கிண்ணம். வளைந்த நீண்ட கொக்கி உளிகளைத் தாமே அடித்து உருவாக்கிக்கொண்டு, ஒரே எல்ம் கட்டையிலிருந்து பெரியதற்குள் சிறியது, அதற்குள் இன்னும் சிறியது என ஒன்றுக்குள் ஒன்றாக எடுத்துவிடுவார். உள்ளே கிடப்பது கழிவல்ல, அடுத்த கிண்ணம். மரத்தை வீணாக்கக்கூடாது என்ற சிக்கனத்தில் பிறந்தது அது. பெர்க்லியில் ஒரு கிண்ணத்தின் மேல் இன்னொன்று பிறந்தது சிக்கனத்தால் அல்ல, இரு கலைஞர்கள் ஒருவரையொருவர் மதித்ததால். காரணம் எதுவானாலும் இரண்டு பட்டறைகளிலும் ஒரு கிண்ணத்தின் வடிவம் அதோடு நின்றுவிடவில்லை.

மரங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டும். லெய்லி ஆயுள் முழுக்கக் கடைந்தது எல்ம். பின்னிப் பிணைந்த இழை கொண்ட மரம் அது, எளிதில் பிளக்காது. வண்டிச் சக்கரத்தின் குடத்துக்கும் நாற்காலியின் இருக்கைக்கும் சவப்பெட்டிக்கும் ஆங்கிலேயர்கள் அதைத் தேடிப்போனதற்கு அதுவே காரணம். ஸ்டாக்ஸ்டேலின் பட்டறையிலோ உலகமே கிடந்தது: ரோஸ்வுட், கருங்காலி, கலிஃபோர்னியத் தோப்புகளின் வால்நட், பிஸ்தா, மக்கடேமியா. கட்டையை அறுக்குமுன்பே, எந்தப் பக்கம் வெட்டினால் வைரமும் வெளிமரமும் கிண்ணத்தின் விளிம்பில் எப்படிச் சந்திக்கும் என்று அவர் கணித்துவிடுவார். முடிந்த கிண்ணத்தின் அடியில் தம் பெயரோடு மரத்தின் பெயரையும் அது வந்த நாட்டையும் எழுதுவது அவர் வழக்கம்.

ஒரே மரத்தை அறுபது, எழுபது ஆண்டு கடைந்தவருக்கு உளியின் ஓசையிலேயே மரத்தின் ஈரம் தெரிந்திருக்கும். ஒவ்வொரு கட்டையும் புதிய ஊர்க்காரனாக வந்திறங்கும் பட்டறையில் அந்த நெருக்கத்துக்கு இடமில்லை, ஆனால் வியப்புக்குக் குறைவில்லை. ஆழமும் அகலமும் என்று இதை வகுத்துவிட்டு நகர்ந்துவிடலாம்தான். ஆனால் எதிர்பாராத ஓர் உறவு இங்கேயும் காத்திருக்கிறது: இருவரின் மரங்களுமே பின்னாளில் கைக்கெட்டாமல் போயின. 1960-களின் இறுதியில் பரவிய டச்சு எல்ம் நோய் பிரிட்டனின் எல்ம் மரங்களைக் கோடிக்கணக்கில் கொன்றது. லெய்லிக்கு ஒரு வாரிசு இருந்திருந்தாலும் அவர் கைக்கு மரம் கிடைத்திராது. பிரேசில் ரோஸ்வுட் 1992-இல் பன்னாட்டு வணிகத் தடைக்குள் வந்தது. 2017-இல் அந்த இனத்தின் உறவு மரங்கள் அனைத்துக்கும் கட்டுப்பாடு நீண்டது. வீட்டு வாசல் மரத்தை நம்பியவரின் வழியைப் பூஞ்சை அடைத்தது, கடல் கடந்த மரத்தை நம்பியவரின் வழியைச் சட்டம் அடைத்தது.

இனி விற்பனைக்கு வருவோம். கைவினைஞர்–கலைஞர் என்ற பிரிவினை ஆட்டம் காண்பது இங்கேதான். லெய்லி செய்தவை சாப்பாட்டுக் கிண்ணங்கள்; நம் ஊர் மரவையைப் போல அடுக்களையில் புழங்குவதற்கானவை. ஆனால் 1920-களில் எனாமல் தட்டும் மலிவான பீங்கானும் எல்லாச் சந்தையிலும் குவிந்துவிட்டன. மரக்கிண்ணம் இல்லாமல் சாப்பிட முடியாத ஆங்கிலேயர் அப்போது யாரும் இல்லை. 1927-இல் வெளிவந்த தம் பயண நூலில் எச்.வி. மார்ட்டன், இங்கிலாந்தின் கடைசிக் கிண்ணக் கடைசல்காரர் என்று லெய்லியை எழுதினார். பணம் சேர்ப்பதைவிடக் கிண்ணம் கடைவதே தனக்குப் பிடித்தது என்ற பொருள்பட லெய்லி பேசியதையும் அதில் பதிவுசெய்தார். அதற்குப் பிறகு லெய்லியின் கிண்ணத்தை வாங்கியவர் தேவைக்காக வாங்கியிருக்க முடியாது. அதைச் செய்த மனிதருக்காக, செய்த முறைக்காக வாங்கினார். கலைப்பொருளை நாம் வாங்குவதும் இப்படித்தானே?

ஸ்டாக்ஸ்டேல் பக்கம் திரும்பினால் காட்சி தலைகீழாகிறது. அவருடைய கிண்ணங்கள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் வாஷிங்டனின் ஸ்மித்சோனியனிலும் இருக்கின்றன. ஆனால் அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டவற்றில் சாலட் கிண்ணங்களுக்கும் தட்டுகளுக்கும் பெரும்பங்கு உண்டு. எண்ணெய் பூசிய, கழுவித் துடைத்து மறுநாளும் மேசைக்கு வரும் பண்டங்கள் அவை. ஆக, கைவினைஞர் என்று நாம் பெயரிட்டவர் ரசிகர்களுக்கு விற்றார். கலைஞர் என்று பெயரிட்டவர் சாப்பிடுபவர்களுக்கு விற்றார். அந்தக் கோடு மரத்திலும் இல்லை, உளியிலும் இல்லை, வாங்குபவரின் மனத்தில்தான் இருந்தது.

விலையில் இருவரும் ஒரே கட்சி. லெய்லி மலிவாக விற்றார். புகழ் வந்த பிறகும் ஸ்டாக்ஸ்டேல் விலையை அடக்கியே வைத்திருந்தார். சேகரிப்பாளர்கள் இதை அவர்களின் எளிமைக்குச் சான்றாகக் கொண்டாடுவதுண்டு. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. கடைசல் பொருளை விற்க உட்காரும் எவரிடமும் முதலில் வரும் கேள்வி, இதைச் செய்ய எவ்வளவு நேரம் ஆச்சு என்பது. பொறியில் ஆகும் நேரத்தைச் சொன்னால் விலை அதிகமாகத் தோன்றும். கட்டையைத் தேடி அலைந்தது, அறுத்தது, காயக் காத்திருந்தது, காயும்போது வெடித்து அடுப்புக்குப் போனவை, உளி தீட்டியது, கடை விரித்து நின்றது எல்லாம் அந்தப் பதிலுக்குள் வராது. இருவரும் தாழ்த்தி வைத்த விலை, பின்னால் வந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை இன்னும் கடினமாக்கியிருக்கிறது.

அருங்காட்சியகங்களும் இருவரையும் வெவ்வேறு கண்ணோடுதான் பார்த்தன. ஸ்டாக்ஸ்டேலிடமிருந்து எடுத்து வைத்தது பண்டத்தை. லெய்லியிடமிருந்து முதன்மையாக எடுத்து வைத்தது பட்டறையை: அவருடைய கழிப்பொறியும் கொக்கி உளிகளும் ரெடிங் நகரின் ஆங்கிலேயக் கிராம வாழ்வு அருங்காட்சியகத்தில் உள்ளன. பண்டத்துக்குக் கிடைத்த மரியாதையே பெரிது என்று தோன்றும். விளைவு வேறுவிதமாக அமைந்தது. ராபின் வுட் என்பவர் அந்தப் பொறியைப் பார்த்து, அதைப் படித்து, தமக்கு ஒன்று செய்துகொண்டு 1990-களில் கால்மிதியால் கிண்ணம் கடையத் தொடங்கினார். மரக்கிண்ணத்தின் வரலாற்றைப் பற்றி 2005-இல் ஒரு நூலும் எழுதினார். அவரைப் பின்பற்றி இன்று பலர் கழிப்பொறியில் கடைந்து பிழைக்கிறார்கள். கருவி லெய்லியுடையது; தனி ஆளாகப் பட்டறை நடத்தி, பெயர் பொறித்து, தேடி வருபவருக்கு விற்கும் வாழ்க்கை முறை ஸ்டாக்ஸ்டேலுடையது. கடைசி ஆள் என்று எழுதப்பட்டவருக்கு வாரிசுகள் கிடைத்தது, பெர்க்லி போன்ற ஊர்களில் உருவான சந்தையின் வழியாகத்தான்.

கையால் கடைந்த மரக்கிண்ணம் ஒன்றை எங்காவது விலை கேட்க நேர்ந்தால் உள்ளேயும் அடியிலும் பாருங்கள். கழிப்பொறியில் கடைந்ததென்றால், நடுத்தண்டை உடைத்தெடுத்துக் கத்தியால் சமன்செய்த தழும்பு உள்ளே இருக்கும். மோட்டாரில் கடைந்ததென்றால் பெரும்பாலும் அடியில் ஒரு கையெழுத்தும் மரத்தின் பெயரும் இருக்கும். எது இருந்தாலும், எவ்வளவு நேரம் ஆச்சு என்று கேட்காதீர்கள். மரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.