மடியில் கிடத்திய கிட்டாரும் கோட்டுவாத்தியமும்

1957ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள், விடுதலைக்கு நான்கு வாரம்கூட எஞ்சியிராத வேளையில், பேராக் மாநிலப் பண்ணின் இசையே மலாயாவின் நாட்டுப்பண்ணுக்கு உரியதெனத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவ்விசை அதற்கு முன்பே நெடுந்தொலைவு பயணம் செய்திருந்தது. இந்தோனேசியத் தீவுகளிலும் மலாயாவிலும் அது ‘தெராங் பூலான்’ என்னும் காதற்பாட்டாக வழங்கிற்று. 1947இல் இங்கிலாந்தின் பெலிக்ஸ் மெண்டல்சன் குழுவினர் அதனை ‘மமூலா மூன்’ என்னும் பெயரில் ஹவாய்ப் பாணியில் இசைத்தட்டாக வெளியிட்டனர். ஹவாய்ப் பாணியின் உயிர், மடியில் கிடத்தி வாசிக்கும் எஃகுக் கிட்டார். நம் பள்ளி மாணவர்கள் எழுந்து நின்று பாடும் இசைக்கு இப்படியும் ஒரு முற்பிறவி உண்டு.

இக்கருவியைப் பிரிக்பீல்ட்சிலோ கிள்ளானிலோ புதிதாகக் கற்க முனையும் தமிழ் மாணவருக்கு அது எந்த அளவு அயலானது என்பதே இவ்வுரை எழுப்பும் கேள்வி.

கருவியின் பிறப்பை முதலில் காண்போம். ஹவாய்த் தீவுகளின் ஜோசப் கெக்குக்கு 1889 வாக்கில், பள்ளி மாணவராக இருந்தபோதே, இம்முறையைக் கண்டறிந்தார் என்பது பெரிதும் ஏற்கப்பட்ட செய்தி. கிட்டாரை மடியில் மல்லாக்கக் கிடத்தி, விரல்களால் கம்பியை அழுத்துவதற்கு மாறாக, எஃகுத் துண்டொன்றைக் கம்பிகளின்மேல் நழுவவிட்டார். 1904இல் அவர் அமெரிக்கப் பெருநிலத்திற்குச் சென்றார். 1915இல் சான்பிரான்சிஸ்கோவில் நடந்த உலகப் பொருட்காட்சி ஹவாய் இசை மீதான மோகத்தை அந்நாடெங்கும் பரப்பிற்று. 1930களின் தொடக்கத்தில் ரிக்கன்பேக்கர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த, வறுசட்டி வடிவிலான மின்கிட்டாரும் மடியில் வைத்து வாசிப்பதே. இன்று மேடைகளில் முழங்கும் மின்கிட்டார்களுக்கெல்லாம் அதுவே மூத்தது.

அதே காலப்பகுதியில் காவிரிக் கரையில் நிகழ்ந்ததையும் நோக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் திருவிடைமருதூர் சகாராம ராவ், மெட்டுகளற்ற வீணையின் கம்பிகள்மேல் ஒரு கட்டையை நழுவவிட்டு வாசித்துப் புகழ்பெற்றார். கோட்டுவாத்தியம் என்ற பெயரில் அக்கருவியைக் கச்சேரி மேடைக்கு உரியதாக்கிய பெருமை அவருடையது. அவருக்குப் பின் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகளும் மைசூர் அரசவையோடு தொடர்புடைய நாராயண ஐயங்காரும் அதனை வளர்த்தனர். இன்று சித்திரவீணை என்றும் அது வழங்கப்படுகிறது.

கெக்குக்கு திருவிடைமருதூரை அறியார். சகாராம ராவுக்கு ஹவாய் தெரிந்திருக்க வேண்டிய தேவையுமில்லை. ஆயினும் கேப்ரியல் டேவியன் என்ற இந்தியர் ஒருவரே ஹவாயில் முதலில் இவ்வாறு வாசித்தவர் என்றொரு கூற்று உலவுகிறது. நம்மவர் சிலருக்கு இது இனிக்கும். அவர் யாரிடம் எந்தக் கருவியைக் கற்றார் என்பதற்கு உறுதியான சான்றில்லாதபோது, ‘நாமே உலகுக்குக் கற்பித்தோம்’ என வகுப்பறையில் சொல்வது முறையன்று. சான்றுள்ள செய்தியே நமக்குப் போதும். பதின்மூன்றாம் நூற்றாண்டுச் சார்ங்கதேவரின் ‘சங்கீத ரத்னாகரம்’, ஒற்றைக் கம்பி வீணையை மூங்கில் துண்டு கொண்டு வாசிக்கும் முறையை விவரிக்கிறது. நழுவும் ஒலியை நாடியோர் பல நிலங்களிலும் தத்தம் வழியே அதனை அடைந்தனர் என்று கொள்வதே வரலாற்றுக்கு நேர்மை.

ஹவாய்க் கிட்டார் பின்னர் இந்தியாவுக்கே வந்தது. தாவ் மோ முதலிய கலைஞர்கள் கல்கத்தாவில் தங்கி வாசித்தும் கற்பித்தும் அதனைப் பரப்பினர். பிரிஜ் பூஷண் காப்ரா அதில் இந்துஸ்தானி இராகங்களை வாசித்தார். 1967இல் வெளிவந்த ‘கால் ஆஃப் தி வேலி’ இசைத்தட்டில் சந்தூருக்கும் புல்லாங்குழலுக்கும் இணையாக ஒலிப்பது அவருடைய கிட்டாரே. விஸ்வ மோகன் பட், ரை கூடருடன் இணைந்து வழங்கிய இசைத்தொகுப்புக்கு 1994இல் கிராமி விருது கிடைத்தது.

இனிக் கற்றலுக்கு வருவோம். வீணையில் 24 மெட்டுகள் சுவரத்தின் இடத்தைக் காட்டிவிடும். மடிக்கிட்டாரில் வரையப்பட்டிருக்கும் கோடுகள் வெறும் அடையாளங்களே. வழக்கமான கிட்டாரில் மெட்டுக்குச் சற்றுப் பின்னே விரலை ஊன்றுவோம். இதிலோ எஃகுத் துண்டு கோட்டுக்கு நேர்மேலே நிற்க வேண்டும். மயிரிழை பிசகினாலும் சுருதி கெடும். சாய்வாக நோக்கும் கண்ணும் ஏமாற்றும். துண்டைக் கம்பியில் அழுத்துவதும் பிழை. அதன் எடையே போதும். துண்டுக்குப் பின்னே இடக்கை விரல்களை மெல்லக் கிடத்தி, வேண்டாத அதிர்வை அடக்கவும் பழக வேண்டும். தொடக்க மாணவர் பலர் இதனை விட்டுவிட்டு, கருவி இரைகிறது என்று வருந்துவர்.

கம்பிகளைச் சுருதி கூட்டுவதில்தான் இரு மரபுகளும் பிரிகின்றன. ஹவாய்க்காரர் பல சுவரங்களை ஒருங்கே ஒலிக்கச் செய்பவர். நேரான துண்டு எல்லாக் கம்பிகளையும் ஒரே இடத்தில் தொடுவதால், கம்பிகளை எவ்வாறு கூட்டினாரோ அவ்வகைச் சுவரக்கூட்டே எங்கும் கிடைக்கும். வேறு கூட்டு வேண்டி அவர்கள் புதுப்புதுச் சுருதியமைப்புகளைத் தேடினர். கோட்டுவாத்தியக்காரருக்கு அந்தத் தொல்லை இல்லை. ச, ப, மேல் ச எனக் கூட்டிவிட்டு, ஒரே கம்பியில் நழுவி நழுவி இராகத்தைத் தேடுவார். பிற கம்பிகள் சுருதியாகவும் உடனதிர்வாகவும் துணைநிற்கும். கருவியைக் கையிலெடுக்கும் மாணவர் தமக்கு வேண்டியது எதுவென முதலிலேயே தெளிந்துகொள்ளட்டும். இரண்டையும் ஒருங்கே தொடங்குவது நல்லதன்று என்பது என் கருத்து.

கோட்டுவாத்தியம் எளிதில் வாங்கக்கூடியதன்று. 20 அல்லது 21 கம்பிகள் கொண்ட அதனைத் தூக்கிச் செல்வதும் அரிது. வழக்கமான கிட்டாரின் கழுத்து முனையில் கம்பிகள் அமரும் சிறு பாலத்தை உயர்த்தினாலே பயிற்சிக்கு ஏற்ற கருவி கிடைத்துவிடும். செவிப்பயிற்சியோ நமக்கு அருகிலேயே உள்ளது. பிரிக்பீல்ட்சு ஜாலான் பெர்ஹாலாவில் நுண்கலைக் கோயில் இசையையும் நடனத்தையும் கற்பித்து வருகிறது. கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயில் போன்ற திருத்தலங்களின் விழாக்களில் நாகசுரம் கேட்டு வளர்ந்த பிள்ளை, ஒரு சுவரத்திலிருந்து மற்றொன்றுக்கு ஒலி இழைந்து செல்வதை முன்பே அறிந்திருக்கிறது. பியானோவில் தொடங்கிய பிள்ளைக்கு அது புதிதாக இருக்கலாம்.

செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் இதே சகாராம ராவிடம் பயின்றவர். குரலிசையில் பேரறிஞராக விளங்கவிருந்த ஒருவர் கோட்டுவாத்தியக் கலைஞரிடம் பாடம் கேட்டதில் வியப்பில்லை. நழுவும் கட்டைக்கும் மனிதக் குரலுக்கும் இடையே மெட்டு எதுவும் குறுக்கே நிற்பதில்லை. ஆதலால் என்னிடம் கேட்கும் மாணவர்களுக்கு, முதல் மாதம் எஃகுத் துண்டைத் தொட வேண்டாம் என்பேன். தம்புராவின் சுருதியில் ச, ப இரண்டையும் பாடட்டும். பின்னர் மோகனத்தின் ஐந்து சுவரங்களைப் பாடி, பாடிய இடத்தைக் கம்பியில் தேடட்டும். வழக்கம்போல் மாயாமாளவகௌளையில் சரளிவரிசை தொடங்கினால் ச–ரி, க–ம ஆகிய நெருங்கிய இடைவெளிகளில் புதியவரின் கை தடுமாறும்; அதனை மூன்றாம் மாதத்திற்கு ஒத்திவைக்கலாம்.