தொண்டை மருந்தும் மோட்டார் வண்ணமும்



சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய அம்பாசிடர் வண்டியை ஒரு பட்டறையில் புது வண்ணம் அடிக்கக் கொடுத்தேன். திரும்பி வந்த வண்டியின் உடல் பளபளத்தது. கண்ணாடியைத் தடவினாலோ மணல்போல் நெருடியது. அதனைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்கிலும் வெண்புள்ளிகள். முறையிட்டேன். பட்டறைப் பையன் துணியைத் தின்னரில் நனைத்து இரண்டையும் அழுத்தித் துடைத்தான். கண்ணாடி தெளிந்தது. ரப்பரோ உப்பி, நெகிழ்ந்து, தன் பிடியை இழந்தது. அடுத்த மழையில் தண்ணீர் உள்ளே ஒழுகிற்று. அந்த நீரை இறைத்தபோதுதான் இத்துளிகளின் பூர்வ கதையைத் தேடத் தலைப்பட்டேன்.

மோட்டார் வண்டி தோன்றிய காலத்தில் இத்தொல்லை இல்லை. தூரிகையால் வார்னிஷ் பூசினார்கள்; பூச்சுக்குப் பூச்சு உலரக் காத்திருந்து, ஒரு வண்டி முடிய வாரக்கணக்காயிற்று. தூரிகை மெதுவானதுதான், ஆனால் வைத்த இடத்தில் வைக்கும்.

அமெரிக்காவின் டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்னும் மருத்துவர், நோயாளியின் தொண்டையில் மருந்தைப் பனிபோல் தெளிக்க ஒரு கருவி செய்தார். 1888-இல் அதற்கென ஒரு நிறுவனமும் தொடங்கினார். அவர் மகன் தாமஸ் 1907-இல் அம்முறையை வண்ணத்திற்குத் திருப்பினார். தொண்டைக்குப் பிறந்த கருவி தகட்டுக்குப் போயிற்று! பின்னர், 1923-இல், விரைவில் உலரும் டூபான்ட் நிறுவனத்தின் 'டியூகோ' அரக்கு ஓக்லாண்டு வண்டிகளில் ஏறியது. வாரங்கள் நாட்களாகச் சுருங்கின, நிறங்கள் பெருகின, இருநிற வண்டிகள்மேல் மோகம் பிறந்தது.

ஆனால் காற்றில் ஏவிய துளி அனைத்தும் தகட்டில் இறங்குவதில்லையே. பட்டறைக்காரர்கள் செய்தித்தாளைப் பசையால் ஒட்டி மறைத்தார்கள். தாளை உரித்தால் புது வண்ணமும் உடன் உரிந்தது. உப்புத்தாளைச் சோதிக்க அங்கே சென்ற த்ரீ எம் நிறுவனத்து இளைஞர் ரிச்சர்ட் டுரூ அவர்களுடைய வசவைக் காதால் கேட்டார். கேட்டுவிட்டுச் சும்மா இருக்கவில்லை. 1925-இல் மாஸ்கிங் டேப் பிறந்தது. முதலில் ஓரங்களில் மட்டும் பசை தடவியதால் அது கழன்று விழுந்ததாம். ஸ்காட்லாந்துக்காரரைக் கஞ்சர் என்று கேலி செய்த காலம் அது. அந்த ஏச்சே 'ஸ்காட்ச்' என்ற வணிகப் பெயராயிற்று என்பர்.

மறைக்கத் தவறியவர் என்ன செய்வது? கண்ணாடியைச் சோப்பு நீரால் நன்கு நனைத்து, புது பிளேடைச் சாய்த்து வழித்தால் துளி உதிரும். கண்ணாடிக்குள் தின்னர் ஊடுருவுவதில்லை. ரப்பர் அப்படியன்று. அது நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளின் பின்னல். தின்னரிலுள்ள டொலுவீன் போன்ற திரவங்கள் அப்பின்னலுக்குள் புகுந்து அதனை உப்பச் செய்யும். ஆதலின் ரப்பருக்குச் சோப்பு நீரும் மென்மையான பிரஷும் பொறுமையுமே தகும். அதுவும் துளி இறுகுமுன்.

என் வண்டியின் பீடிங்கை மாற்ற வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் வண்டியை விடுமுன், ஓரமெல்லாம் டேப் ஒட்டியாயிற்றா என்று நானே சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் வீடு திரும்புகிறேன்.