ஓலைக்கட்டும் வீட்டு சர்வரும்

மதுரைக்கு வர்றவங்களுக்கு மாட்டுத்தாவணின்னா பஸ் ஸ்டாண்டு. ஆனா தாவணின்னா மாட்டுச்சந்தைன்னுதான் அர்த்தம். பஸ் ஸ்டாண்டுக்கு எம்.ஜி.ஆர். பேரு வச்சாச்சு, ஊரு சொல்றது இன்னமும் பழைய பேரைத்தான். பல பேர்கிட்ட இருக்கிறது லேசில் அழியாது.

இந்தப் பதிவும் அதைப் பத்தித்தான். நம்ம பாட்டு, போட்டோ, புத்தகங்களை நம்ம வீட்டு சர்வரிலேயே வச்சுக்கிறதுக்கு இப்ப செல்ஃப் ஹோஸ்டிங்னு பேரு. பேருதான் புதுசு.

அச்சு பரவுறதுக்கு முன்னாடி தமிழ் நூல்கள் பெரும்பாலும் புலவர் வீட்டுப் பரணிலும் மடங்களிலும்தான் இருந்தன. உ.வே.சா. ஊர் ஊராக அலைந்து சுவடி தேடித்தான் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1898இல் மணிமேகலையையும் அச்சேற்றினார். ஓலையைப் பூச்சி அரிக்கும். அதனால அப்பப்ப படி எடுத்துக்கிட்டே இருக்கணும். படி எடுக்க ஆள் இல்லாத சுவடிகள் ஆற்றோடும் நெருப்போடும் போன கதையை அவரே வருத்தத்தோட எழுதியிருக்கார். 1901இல் பாண்டித்துரைத் தேவர் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கம் தொடங்கி, சுவடிகளையும் நூல்களையும் ஓரிடத்தில் சேர்க்க வழி செய்தார்.

அந்தச் சங்க மரபை நினைவூட்டும் பெயரோட 1998 பொங்கலன்னிக்கு ஆரம்பிச்சது மதுரைத் திட்டம். நடத்தினவர் மதுரையில் இல்லீங்க, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்த முனைவர் கு. கல்யாணசுந்தரம். தன்னார்வலர்கள் அவங்கவங்க வீட்டில் உட்கார்ந்து தட்டச்சு செஞ்சாங்க, மெய்ப்பு பார்த்தாங்க. முதல் எண் திருக்குறளுக்கு. எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் இருக்கிற அனுமதி: இந்த முகப்புப் பக்கத்தை மாத்தாம யாரு வேணாலும் இலவசமா பரப்பலாம். அதாவது, படி எடுத்துக்கோன்னு சொல்லியே குடுத்தாங்க!

அதே காலத்தில் நிறைய பேர் சொந்தப் பக்கங்களை ஜியோசிட்டீஸின் இலவச இடத்தில் வச்சிருந்தாங்க. 2009 அக்டோபரில் யாஹூ அதை இழுத்து மூடிடுச்சு. ஆர்க்கைவ் டீம் மாதிரி ஆர்வலர்கள் அள்ளினது போக மிச்சம் போயே போச்சு. 2021 ஜூன் முதல் கூகுள் போட்டோஸும் அளவில்லா இலவசத்தை நிறுத்திடுச்சு. அடுத்தவர் திண்ணை எப்பவும் அடுத்தவர் திண்ணைதான் :)

இன்னிக்கு ஒரு ராஸ்பெர்ரி பை அல்லது பழைய லேப்டாப் போதும். போட்டோ, கோப்புகளுக்கு நெக்ஸ்ட்கிளவுட் (2016). படம், பாட்டுக்கு ஜெல்லிஃபின்; எம்பி தன் மூலநிரலை மூடினதும் 2018இல் அதிலிருந்து பிரிஞ்சு வந்தது. நம்ம ஊர்ல ரெண்டு தொல்லை உண்டு. கரண்ட் போகும், அதுக்கு யூபிஎஸ். பல இணைய இணைப்புகளில் நிறைய வீடுகளுக்குச் சேர்த்து ஒரே ஐபி முகவரி குடுக்கிறதால வெளியிலிருந்து நேரா உள்ளே வர முடியாது. அதுக்கு டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு விபிஎன்.

இதோட நிறுத்தினா நாமளும் பரண்ல ஓலைக்கட்டை வச்ச கதைதான். ஹார்ட் டிஸ்க்குக்கும் ஆயுசு உண்டு. மூணு பிரதி, ரெண்டு வகை ஊடகம், ஒண்ணு வேற ஊர்லங்கிறது கம்ப்யூட்டர்காரங்க விதி. அடுத்த தடவை சொந்த ஊருக்குப் பஸ் ஏறும்போது குடும்பப் போட்டோ எல்லாம் ஏத்தின ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொண்டுபோய் அண்ணன் வீட்டு பீரோவில் வச்சுட்டு வாங்க. அண்ணனோடதை நீங்க வாங்கிட்டு வாங்க.