நெய்யூர் ஆஸ்பத்திரியும் கன்னத்துப் புகையிலையும்

"சிகரெட் பிடிச்சாத்தான் சார் கேன்சர். இது சும்மா வாயில அதக்குறதுதானே?" கான்பூரில் குட்கா போடுகிறவர்கள் சொல்லும் சமாதானம் இது. இங்கே பத்து வருஷம் இருந்துவிட்ட நம் ஆட்கள் சிலரும் இதையே தமிழில் சொல்கிறார்கள். சரித்திரத்தைப் புரட்டினால் கதை வேறு.

புகையிலை நம் மண்ணின் பயிர் அல்ல. அமெரிக்கக் கண்டத்திலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. 1604 வாக்கில் ஆசாத் பேக் என்ற அதிகாரி அதை பீஜப்பூரிலிருந்து அக்பரிடம் கொண்டுபோனார். வைத்தியர் கூடாது என்றார், யார் கேட்டார்கள்? 1617-ல் ஜஹாங்கீர் தடை போட்டும் பழக்கம் நிற்கவில்லை. நம் பக்கம் அது நுழைய வழி தயாராக இருந்தது. தாம்பூலத் தட்டில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்போடு நாலாவதாகப் புகையிலையும் உட்கார்ந்துகொண்டது.

1902-ல் சென்னையில் பணியாற்றிய டாக்டர் நிப்லாக், கன்னத்தில் வரும் புற்றுநோயை வெற்றிலை போடும் பழக்கத்தோடு இணைத்து எழுதினார். 1908-ல் நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரி டாக்டர் பெண்டால், திருவிதாங்கூரில் புற்றுநோய் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். 1933-ல் அதே ஆஸ்பத்திரியின் டாக்டர் ஆர், வெற்றிலை போடுகிறவர்களின் வாய்ப்புற்று பற்றி லான்செட்டில் விரிவாகவே எழுதினார். அன்று திருவிதாங்கூரில் இருந்த நெய்யூர், 1956 முதல் நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது.

லண்டனில் டால், ஹில் இருவரும் சிகரெட்டையும் நுரையீரல் புற்றையும் இணைத்த புகழ்பெற்ற ஆய்வு வெளிவந்தது 1950-ல். கணக்குப் பாருங்கள், நிப்லாக்குக்கு 48 வருஷம் பின்னால்!

புகையிலையை எந்தக் கன்னத்தில் அதக்குகிறோமோ, பெரும்பாலும் அங்கேதான் புண் கிளம்புகிறது. சுண்ணாம்பு நிக்கோட்டினை வேகமாக ரத்தத்தில் ஏற்றுகிறது. புகையிலையில் உள்ள நைட்ரோசமைன்கள் செல்களைக் கெடுக்கின்றன. பாக்கு தன் பங்குக்குக் கன்னத்தின் உட்தோலை நாராக இறுக்குகிறது. முதலில் காரம் பட்டால் எரியும், மிளகு ரசம்கூட ஆகாது. பிறகு வாய் திறப்பது குறைந்துகொண்டே வரும், கடைசியில் இரண்டு விரல்கூட நுழையாது. சாப்பாடு, பேச்சு, சிரிப்பு எல்லாம் போகும். இறுகிய தோல் பழையபடி ஆவதில்லை.

புகைப்பவர்களுக்கும் இதில் ஆறுதல் கிடையாது. மூச்சுக்குழாயைச் சுத்தம் செய்யும் நுண்ணிய மயிரிழைகளைப் புகை செயலிழக்கச் செய்கிறது. சளி, தீராத இருமல், கடைசியில் மாடிப்படி ஏறவே இளைப்பு. பீடியும் விதிவிலக்கல்ல.

சட்டம் எப்போது விழித்தது? 1975 சட்டம் எச்சரிக்கை வாசகம் கேட்டது சிகரெட் பெட்டிக்கு மட்டும். எல்லாப் புகையிலைப் பொருளையும் பிடித்த சட்டம் 2003-ல்தான் வந்தது. தமிழ்நாடு 2001-ல் குட்காவைத் தடை செய்தது, 2004-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் அது நிற்கவில்லை. 2012-ல் மத்தியப் பிரதேசம் தொடங்கிவைக்க, மாநிலங்கள் வரிசையாகத் தடை கொண்டுவந்தன. வியாபாரிகள் பான் மசாலா ஒரு பொட்டலம், புகையிலை ஒரு பொட்டலம் என்று பிரித்து விற்கிறார்கள். கலப்பது வாங்குகிறவர் வேலை!

2016-17 தேசியக் கணக்கெடுப்பில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், வாயில் போடுவது போன்ற புகையில்லாப் பழக்கம் உள்ளவர்கள் 21.4 சதவீதம். சரியாக இரண்டு மடங்கு. "சும்மா வாயில" என்பதன் விலை இதுதான்.

இங்கே வளரும் நம் பிள்ளைகளுக்கு மூலைக்கு மூலை இந்தப் பொட்டலம்தான் கண்ணில் படுகிறது. நெய்யூர்க் கதையை அவர்களிடம் சொல்லுங்கள். வீட்டுப் பெரியவர்கள் வாயில் வெள்ளை, சிவப்புத் திட்டோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ இருந்தால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள். விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச உதவி எண் இருக்கிறது. பழக்கத்தை விட்டவர்கள் யாராவது இருந்தால், எப்படி விட்டீர்கள் என்று எழுதுங்களேன். நாலு பேருக்கு உதவும்.