பொறுப்பை யார் சுமப்பது?
தொகுப்புச் சுற்றுலாவும் சுயப்பயணமும்: பிரிட்டன் காட்டும் வரலாறு

முன்னுரை

வெளிநாடு போக நினைப்பவர் முதலில் சந்திக்கும் கேள்வி, சுற்றுலா நிறுவனத்தின் குழுவோடு போவதா, தானே டிக்கெட்டும் விடுதியும் பதிவு செய்துகொண்டு போவதா என்பது. நாம் பெரும்பாலும் இதை ஆளின் குணத்தோடு முடிச்சுப் போடுகிறோம். துணிச்சல்காரர் தனியாகக் கிளம்புவார். அலைச்சல் வேண்டாம் என்பவர் பேக்கேஜில் சேர்வார் என்கிறோம். ஆனால் இந்த இரண்டு வழிகளும் எப்படி உருவாயின என்று பின்னோக்கிப் பார்த்தால், குணத்தை விட ரயில் கட்டணமும் அந்நியச் செலாவணிச் சட்டமும் நீதிமன்றத் தீர்ப்புமே அவற்றை வடிவமைத்திருப்பது தெரியவரும்.

அந்த வரலாற்றை இக்கட்டுரை பிரிட்டனை முன்வைத்து ஆராய்கிறது. தொகுப்புச் சுற்றுலா பெருவணிகமாக முதலில் வளர்ந்தது அங்கே. அதைப் பற்றிய சட்டமும் வழக்குகளும் தொடர்ச்சியாகப் பதிவாகியிருப்பதும் அங்கே. கட்டுரையின் வாதம் இதுதான்: பயணிக்காக நிறுவனம் தீர்த்துவைத்த ஒவ்வொரு சிக்கலும் காலப்போக்கில் தனிச் சரக்காகப் பிரிந்து கடைக்கு வந்தது. அந்தச் சரக்குகளை வாங்கித்தான் சுயப்பயணம் வளர்ந்தது. எளிதில் பிரித்து விற்க முடியாமல் தொகுப்போடு தங்கிவிட்ட ஒன்று, பயணம் கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது என்ற பொறுப்பு.

1. கையேடும் குழுவும் (1836–1868)

பதினெட்டாம் நூற்றாண்டில் பிரபுக்களின் பிள்ளைகள் மேற்கொண்ட ‘கிராண்ட் டூர்’ சுயப்பயணத்தின் முன்னோடியாகச் சொல்லப்படுகிறது. உண்மையில் அந்த இளைஞர்கள் எதையும் தாமே செய்துகொள்ளவில்லை. உடன் ஓர் ஆசிரியர் போனார். குதிரை, சத்திரம், சுங்கச்சாவடி எல்லாவற்றையும் கவனிக்கக் ‘கூரியர்’ எனப்பட்ட பணியாள் இருந்தார். பணத்துக்கு வங்கியின் கடன் கடிதம், பழக்கத்துக்கு அறிமுகக் கடிதங்கள். ஏற்பாட்டாளரைச் சம்பளத்துக்கு வைத்துக்கொள்ளும் வசதி இருந்ததால்தான் அது சுதந்திரமாகத் தோன்றியது.

அந்தப் பணியாளின் வேலையில் ஒரு பகுதியைப் புத்தகம் எடுத்துக்கொண்டது. லண்டன் பதிப்பாளர் ஜான் மர்ரி 1836இல் ஐரோப்பியப் பயணிகளுக்கான கையேட்டை வெளியிட்டார். ஜெர்மனியில் கார்ல் பெடெக்கர் வெளியிட்ட கையேடுகளின் நோக்கமே, உள்ளூர் வழிகாட்டிகளையும் கூலி ஏவலர்களையும் பயணி நம்பியிருக்கும் நிலையைக் குறைப்பதுதான். வழி, விடுதி, கட்டணம், பார்க்க வேண்டிய இடம் என நடுத்தர வர்க்கத்துக்குத் தகவல் கிடைத்துவிட்டது. ஆனால் ஒவ்வொரு எல்லையிலும் வேறு நாணயம், வேறு ரயில் நிறுவனம், வேறு டிக்கெட். அந்தச் சிக்கலைப் புத்தகத்தால் தீர்க்க முடியவில்லை.

தாமஸ் குக் நுழைந்த இடம் அதுதான். மதுவிலக்குப் பிரசாரகரான அவர், 1841 ஜூலை 5 அன்று லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் சுமார் 500 பேரைத் தனி ரயிலில் அழைத்துச் சென்றார். 1855இல் பாரிஸ் கண்காட்சியை ஒட்டி முதன்முறையாக ஐரோப்பாவுக்குக் குழுவைக் கொண்டுபோனார். ஆங்கிலக் கால்வாயை நேராகக் கடக்கும் தடத்தின் நிறுவனங்கள் அவரோடு கட்டண ஒப்பந்தத்துக்கு இணங்காததால், ஹாரிச்சிலிருந்து ஆன்ட்வெர்ப் போய், பிரஸ்ஸல்ஸ், கொலோன், ரைன் நதி எனச் சுற்றியே பாரிஸை அடைய வேண்டியிருந்தது. 1862இல் ஸ்காட்லாந்து ரயில் நிறுவனங்கள் அவருக்குச் சலுகை டிக்கெட் தர மறுத்தன. மறு ஆண்டே அவர் சுவிட்சர்லாந்தின் பக்கம் திரும்பினார். குழுச் சுற்றுலாவின் வரைபடத்தை ரயில் கம்பெனிகளின் சம்மதமும் மறுப்புமே வரைந்தன.

1863ஆம் ஆண்டின் அந்தச் சுவிஸ் பயணத்தைப் பற்றி ஜெமிமா மோரெல் என்ற யார்க்‌ஷயர் பெண் நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். நூறாண்டு கழித்து 1963இல் அது அச்சேறியது. அதிலிருந்து ஒரு செய்தி நம் ஆய்வுக்கு முக்கியம். பயணம் முழுதும் குக் உடனிருக்கவில்லை, இடைவழியிலேயே விடைபெற்றுக்கொண்டார். மோரெலும் நண்பர்களும் நீண்ட பாவாடையோடு கெம்மி கணவாயைக் கடந்ததும், ரிகி மலைக்குப் போனதும் தம் பொறுப்பில்தான். ஆக, முதல் சுவிஸ் சுற்றுலாவே பாதி குழு, பாதி சுயம்.

இந்தக் கூட்டத்தைக் கண்டு எரிச்சலடைந்தவர்களும் உண்டு. இத்தாலியில் பிரிட்டிஷ் துணைத் தூதராக இருந்த நாவலாசிரியர் சார்லஸ் லீவர் 1865இல் பிளாக்வுட்ஸ் இதழில் குக்கின் பயணிகளை மந்தை என்ற தொனியில் கேலி செய்து எழுதினார். குக் தம் சொந்தப் பத்திரிகையில் பதில் கொடுத்தார். ‘டூரிஸ்ட்’ தாழ்ந்தவர், ‘டிராவலர்’ உயர்ந்தவர் என்று இன்றும் கேட்கும் பேச்சின் வேரில், தங்கள் இடத்துக்குக் கடைக்காரரும் பள்ளி ஆசிரியையும் வந்துவிட்டார்களே என்ற வர்க்க எரிச்சல் இருக்கிறது.

2. கூப்பன்: குழுவிலிருந்து கழன்ற பயணி (1868–1939)

குக்கின் பெரிய கண்டுபிடிப்பு குழு அல்ல, கூப்பன். 1868இல் அவர் விடுதிக் கூப்பனை அறிமுகப்படுத்தினார். பயணி லண்டனிலேயே பணம் கட்டிக் கூப்பன்களை வாங்கிக்கொள்வார். ஜெனீவாவிலோ ரோமிலோ விடுதியில் படுக்கைக்கு ஒன்று, காலை உணவுக்கு ஒன்று, இரவு உணவுக்கு ஒன்று என்று கிழித்துக் கொடுப்பார். விடுதிக்காரர் அவற்றைச் சேர்த்து அனுப்பி, குக்கிடமிருந்து பணம் பெறுவார். பேரம் பேச வேண்டாம், சில்லறை மாற்ற வேண்டாம், ஏமாறும் பயமில்லை. முக்கியமாக, இதற்குக் குழுவும் வேண்டாம், வழிகாட்டியும் வேண்டாம்.

1873இல் குக் நிறுவனத்தின் ஐரோப்பிய ரயில் கால அட்டவணை வந்தது. 2013 வரை அந்த நிறுவனத்தின் பெயரிலேயே தொடர்ந்தது. 1874இல், விடுதிகளிலும் வங்கிகளிலும் உள்ளூர்ப் பணமாக மாற்றிக்கொள்ளக்கூடிய சுற்றுக் காசோலை வந்தது. 1891இல் அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் தன் பயணிகள் காசோலையைக் கொண்டுவந்தது. பல ரயில் நிறுவனங்களின் தடங்களை ஒன்றாக இணைக்கும் சுற்றுவழி டிக்கெட், பணமாற்று, கால அட்டவணை மூன்றும் இப்படித் தனித்தனியாகக் கிடைக்கத் தொடங்கியதும், குழுவில் சேராமலேயே குக்கின் வாடிக்கையாளராக இருக்க முடிந்தது. சுயப்பயணத்துக்கு வேண்டிய கருவிகளைச் செய்து தந்தது தொகுப்புச் சுற்றுலா நிறுவனமே என்பது இக்காலத்தின் முரண்.

முதல் உலகப்போருக்குப் பின் பாஸ்போர்ட் கட்டாயமானது. எல்லை கடப்பது முன்னைவிடச் சிரமமானது. அதே காலத்தில் சிக்கனப் பயணத்துக்கும் கட்டமைப்பு உருவானது. ரிச்சர்ட் ஷிர்மான் 1912இல் ஜெர்மனியின் ஆல்டெனா கோட்டையில் தொடங்கிய இளைஞர் விடுதி ஒரு இயக்கமாகப் பரவி, 1930இல் பிரிட்டனுக்கு வந்தது. சம்பளத்தோடு கூடிய விடுமுறைக்கான பிரிட்டிஷ் சட்டம் 1938இல் நிறைவேறியது. அதன் பலன் போருக்குப் பிறகே கைக்கு வந்தது.

3. அரசு காட்டிய வழி (1950–1970)

போருக்குப் பின் விமானம் வந்தது. ராய்ட்டர்ஸ் செய்தியாளராக இருந்த விளாடிமிர் ரெய்ட்ஸ், ஹொரைசன் என்ற நிறுவனத்தைத் தொடங்கி 1950 மே மாதத்தில் கார்சிகா தீவின் கால்வி நகருக்குச் சார்ட்டர் விமானத்தில் பயணிகளைக் கொண்டுபோனார். கட்டணம் 32 பவுண்டு 10 ஷில்லிங். விமானம், கடற்கரைக் கூடாரத்தில் தங்கல், சாப்பாடு எல்லாம் அதில் அடக்கம். உள்நாட்டில் இறைச்சிக்கு ரேஷன் இருந்த காலம் அது.  அப்போது நீஸ் நகருக்குப் போய்வர வழக்கமான விமானக் கட்டணம் மட்டுமே ஏறத்தாழ 70 பவுண்டு. இருந்தும் எல்லாருக்கும் அந்த இருக்கையை விற்க அரசு அனுமதிக்கவில்லை. முதலில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் மட்டுமே என்று நிபந்தனை விதித்தது. அரசின் விமான நிறுவனத்துக்குப் போட்டி வந்துவிடக் கூடாது என்பதே காரணம்.

1960களில் இரண்டு விதிகள் மக்களின் தேர்வைத் தீர்மானித்தன. ஒன்று, தொகுப்பின் விலை அதே ஊருக்கான வழக்கமான விமானக் கட்டணத்துக்குக் கீழே போகக் கூடாது. அந்தத் தளை அறுபதுகளின் இறுதியிலிருந்து படிப்படியாகத் தளர்ந்தது. இன்னொன்று அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடு. பவுண்டு நெருக்கடியில் 1966இல் பிரதமர் வில்சனின் அரசு, ஒருவர் வெளிநாட்டுப் பயணத்துக்கு ஆண்டுக்கு 50 பவுண்டுக்கு மேல் செலவிடக் கூடாதென வரம்பு வைத்தது. 1970 வரை அது இருந்தது. தானே கிளம்பியவர் விடுதி, சாப்பாடு, உள்ளூர்ப் பயணம் எல்லாவற்றையும் அந்த 50 பவுண்டுக்குள் முடிக்க வேண்டும். சுற்றுலா நிறுவனமோ சார்ட்டர் விமானச் செலவை உள்நாட்டுப் பவுண்டில் கட்டியது. ஸ்பெயினில் விடுதி அறைகளை மொத்தமாகப் பேசி மலிவாக வாங்கியது. விலையில் வெளிநாட்டில் செலவான சிறு பகுதி மட்டுமே பயணியின் கணக்கில் ஏறியது. மயோர்காவுக்கும் பெனிடார்முக்கும் பெருங்கூட்டம் போனதை ரசனையின் வீழ்ச்சியாக எழுதியவர்கள் உண்டு. அந்தச் சூழலில் கணக்குப் பார்த்த குடும்பத்துக்கு வேறு வழி அதிகமில்லை.

4. எதிர்ப்பாதையும் ஒரு தடமே (1957–1979)

கூட்டத்தை வெறுத்த இளைஞர்கள் கிழக்கே திரும்பினார்கள். அந்தத் தரைவழியின் தொடக்கத்திலும் ஒரு ஏற்பாட்டாளர் இருக்கிறார். 1957 ஏப்ரலில் லண்டனிலிருந்து ‘இந்தியாமேன்’ என்ற பேருந்து 85 பவுண்டு கட்டணத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பி, ஜூன் தொடக்கத்தில் கல்கத்தாவை அடைந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் இஸ்தான்புல், தெஹ்ரான், காபூல், டெல்லி, காத்மாண்டு என்று ‘ஹிப்பி தடம்’ பதிந்தது.

அவ்வழியே வந்து ஆஸ்திரேலியாவை அடைந்த டோனி வீலரும் மவ்ரீன் வீலரும் 1973இல் வெளியிட்ட சிறு கையேடுதான் லோன்லி பிளானட் கையேட்டு நிறுவனத்தின் தொடக்கம். சுயப்பயணிகள் ஒரே புத்தகத்தைப் பார்த்து ஒரே மலிவு விடுதிகளில் தங்கி, ஒரே கடைகளில் சாப்பிட்டார்கள். கொடி பிடித்து முன்னே நடக்கும் ஆள் மட்டும் இல்லை. ஐரோப்பாவுக்குள் 1972இல் வந்த இன்டர்ரெயில் பாஸ், 21 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 27 பவுண்டு 50 பென்சுக்கு ஒரு மாத ரயில் பயணத்தைத் திறந்துவிட்டது. குக்கின் சுற்றுவழி டிக்கெட் இளைஞர் கைக்கு வந்த வடிவம் அது. 1979இல் ஈரான் புரட்சியும் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையெடுப்பும் ஆசியத் தடத்தை மூடின. அதே ஆண்டு பிரிட்டன் செலாவணிக் கட்டுப்பாட்டையும் நீக்கியது.

5. நீதிமன்றமும் நிறுவனச் சரிவும் (1972–1992)

இதுவரை பேசியவை எல்லாம் பிரித்து விற்கக்கூடிய சேவைகள். பொறுப்பு என்ற கேள்வி எழுபதுகளில் நீதிமன்றத்துக்கு வந்தது.

லண்டனைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞர் 1969 கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு 63 பவுண்டு 45 பென்ஸ் கட்டி, சுவிட்சர்லாந்தின் மோர்லியால்ப் என்ற ஊருக்குத் தொகுப்புச் சுற்றுலா போனார். விளம்பரச் சிற்றேடு விருந்தினர் கூடிக் களிக்கும் இல்லம், பனிச்சறுக்கு, மலைப்பாட்டு மாலை என்றெல்லாம் ஆசை காட்டியிருந்தது. முதல் வாரம் பதின்மூன்று பேர் இருந்தார்கள். இரண்டாம் வாரம் அவர் ஒருவரே விருந்தினர். விடுதிக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. சரியான பனிச்சறுக்குக் கட்டைகள் பெரும்பாலும் கிடைக்கவில்லை. மலைப்பாட்டுக்காரர் வேலை உடையிலேயே வந்து, நாலைந்து பாட்டை அவசரமாகப் பாடிவிட்டுப் போய்விட்டார். கீழ்நீதிமன்றம் கட்டிய பணத்தில் பாதியளவு இழப்பீடு தந்தது. 1972இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் நீதிபதி டென்னிங் பிரபு, விடுமுறை இன்பம் கெட்ட ஏமாற்றத்துக்கும் இழப்பீடு உண்டெனச் சொல்லி, தொகையை 125 பவுண்டாக உயர்த்தினார். கட்டியதைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. விற்றது அறையையும் டிக்கெட்டையும் மட்டுமல்ல, மகிழ்ச்சியையும் சேர்த்துத்தான் என்பது இத்தீர்ப்பால் சட்டமானது.

இரண்டு ஆண்டில் அடுத்த அடி விழுந்தது. விலைப்போரில் நலிந்த கிளார்க்சன்ஸ் நிறுவனத்தையும் ஹொரைசனையும் எடுத்து நடத்திய கோர்ட் லைன், 1974 ஆகஸ்ட் 15 அன்று உச்சப் பருவத்தில் சரிந்தது. 40,000-க்கும் மேற்பட்டோர் வெளிநாட்டில் சிக்கினார்கள். விமானச் சுற்றுலா விற்கும் நிறுவனங்களுக்காக 1973இல் வந்திருந்த அடோல் (ATOL) உரிம முறை அவர்களை ஊருக்குக் கொண்டுவர உதவியது; ஆனால் முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களுக்கெல்லாம் ஈடுகட்ட, உரிமத்துக்காக நிறுவனம் வைத்திருந்த பிணைத்தொகை போதவில்லை. 1975இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றி, சுற்றுலா நிறுவனங்களிடம் வரி தண்டி ஒரு காப்பு நிதியை அமைத்தது. 1990இல் ஐரோப்பியச் சமூகம் இதைப் பொது விதியாக்கியது: போக்குவரத்து, தங்கல், பிற சுற்றுலாச் சேவை ஆகியவற்றில் குறைந்தது இரண்டைச் சேர்த்து ஒரே விலைக்கு விற்பவர், தான் நேரடியாகச் செய்யாத சேவைக்கும் பொறுப்பாளி. பிரிட்டன் 1992இல் அதைத் தன் சட்டமாக்கிக்கொண்டது.

6. இணையத்துக்குப் பின் (1995–2019)

மலிவு விமான நிறுவனமான ஈஸிஜெட் 1995இல் பறக்கத் தொடங்கியது. அடுத்த ஆண்டே பயணப் பதிவு இணையதளமான எக்ஸ்பீடியா வந்தது. விமான இருக்கையும் விடுதி அறையும் சில்லறையாகக் கிடைத்ததும், தொகுப்பு ஒழிந்துவிடும் என்ற கணிப்புகள் எழுந்தன. 2010 ஏப்ரலில் ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் ஐரோப்பிய வான்வெளியைப் பல நாள் மூடியபோது அந்தக் கணிப்பு சோதனைக்கு வந்தது. தொகுப்புப் பயணிக்குப் பதில் சொல்ல ஓர் ஆள் இருந்தார். தனித்தனியாக வாங்கியவருக்கு விமான நிறுவனம் தங்கலும் உணவும் தர வேண்டும் என்ற ஐரோப்பிய விதி கைகொடுத்தது. ஆனால் போய்ச் சேராத ஊரில் கட்டிவைத்த விடுதிப் பணத்துக்கும் ரயில் டிக்கெட்டுக்கும் அந்த விதியில் இடமில்லை.

2018 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய ஐரோப்பிய விதி இந்த எல்லைக்கோட்டைத் தொட்டது. விமான டிக்கெட் வாங்கிய தளம் பயணியின் பெயரையும் பணம் செலுத்திய விவரத்தையும் மின்னஞ்சலையும் விடுதித் தளத்துக்கு அனுப்பி, அவர் 24 மணி நேரத்துக்குள் அங்கே அறை எடுத்தால், அதுவும் தொகுப்பாகவே கொள்ளப்படும். தானே பதிவு செய்வதாக நினைத்தவர், சட்டத்தின் பார்வையில் தொகுப்புப் பயணியாகிவிடலாம்.

2019 செப்டம்பர் 23 அன்று, 178 ஆண்டு மரபுடைய தாமஸ் குக் நிறுவனம் மூடப்பட்டது. வெளிநாட்டில் இருந்த பிரிட்டிஷ் பயணிகள் 1,50,000-க்கும் அதிகம். தொகுப்பு வாங்கியவர்களுக்கு அடோல் பாதுகாப்பு இருந்தது. விமான இருக்கையை மட்டும் வாங்கியவர்களில் பலருக்கு அந்த உரிமை இல்லை. அரசு தன் முடிவாக அவர்களையும் சேர்த்தே அழைத்துவந்தது. திரும்பி வந்த விமானம் ஒன்றே. ஆனால் ஒருவர் உரிமையால் ஏறினார். மற்றவர் அரசின் தயவால் ஏறினார்.

முடிவுரை

பிரிந்து வந்த வரிசையைப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது. முதலில் தகவல் புத்தகமானது. பிறகு டிக்கெட் இணைப்பும் பணமாற்றும் கூப்பனும் காசோலையுமாயின. விமான இருக்கையும் அறையும் இணையத்தில் சில்லறைச் சரக்காயின. பொறுப்பில் ஒரு பங்கைப் பயணக் காப்பீடு எடுத்துக்கொண்டாலும், அது விதிவிலக்குகளோடு வரும் பணம். கெட்டுப்போன பயணத்தைச் சீர்செய்யக் கடமைப்பட்ட ஆள் அல்ல. ஒரு கண்ணி அறுந்தால் மற்றதையும் சேர்த்துச் சரிசெய்ய வேண்டிய கடமை, சேர்த்து விற்றவருக்கே உண்டு.

ஆகவே குழுவா தனியா என்பதை ரசனைக் கேள்வியாக மட்டும் வைத்துக்கொள்வது போதாது. ஒரே ஊரில் பத்து நாள் தங்கப் போகிறவரின் பயணத்தில் அறுபடக்கூடிய கண்ணிகள் குறைவு; அவர் தொகுப்புக்குத் தரும் கூடுதல் விலை பெரும்பாலும் வீண். ஐந்து நாட்டில் எட்டு இணைப்புகளோடு, வயதான பெற்றோரையும் கூட்டிக்கொண்டு போகிறவருக்கு அதே விலை நியாயமானது. சுற்றுலா நிறுவனத்தின் விளம்பரத்தில் பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல் பெரிய எழுத்தில் இருக்கும். ஒப்பந்தத்தில் படிக்க வேண்டியது, எந்தச் சேவைக்கு யார் பொறுப்பு, நிறுவனம் மூடப்பட்டால் பணத்துக்கு எந்த நிதி பிணை என்ற இரண்டு பத்திகள். அவை இல்லாத தொகுப்பை வாங்குகிறவர் சுயப்பயணியின் அபாயத்தைத் தொகுப்பின் விலை கொடுத்து வாங்குகிறார்.